விரல் நுனி பார்ப்பவர்

லாஞ்சுப் படகிலிருந்து ஸ்ட்ரெச்சரை இறக்கி ஆம்புலன்ஸுக்குக் கொண்டுபோக நாற்பது அடி தூரம் நடக்க வேண்டும். அந்த நாற்பது அடிக்குள் அவர் நோயாளியின் கையைப் பிடித்துவிடுவார். எப்போதும் இடது கை. அதைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, ஸ்ட்ரெச்சர் போகும் வேகத்துக்கே கூட நடப்பார். "ஒண்ணும் ஆவாது, கரைக்கு வந்தாச்சு" என்பார். வெள்ளைக்காரராக இருந்தால் அதையே ஆங்கிலத்தில் சொல்வார். கூட வந்த மனைவியோ மகளோ அதைப் பார்த்ததும் அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகையை விட்டுவிடுவார்கள்.

முதல் இரண்டு தடவை எனக்கும் மனம் இளகியது. மூன்றாவது தடவைதான் அவருடைய கட்டைவிரலைக் கவனித்தேன். அது நோயாளியின் விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தது. சர்க்கரை பார்க்க ஊசி குத்திய இடம் காய்த்துப் போயிருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்.

நான் ராயபுரத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். உல்லாசக் கப்பலில் போகிற பயணி ஒருவருக்குக் கடலில் உடம்பு மோசமாகி, இனி கப்பல் டாக்டரால் முடியாது என்ற நிலை வந்தால், கப்பல் எங்களுக்குச் செய்தி அனுப்பும். கப்பல் துறைமுகத்துக்கு வெளியே வந்து நிற்கும். நாங்கள் லாஞ்சு அனுப்பி நோயாளியை இறக்கிக்கொண்டு வருவோம். துறைமுக சுகாதார அதிகாரியின் அனுமதி, ஆம்புலன்ஸ் உள்ளே வர கேட் பாஸ், நோயாளியின் சாமான்களுக்குப் பட்டியல், மருத்துவமனையில் சேர்த்ததற்கான தாள் இவ்வளவும் என் பொறுப்பு. நேரங்களைத் தனி நோட்டில் குறித்து, மாலையில் வீட்டுக்கு வந்ததும் நாட்குறிப்பில் எழுதுவேன். இதில் வருகிற நேரங்களெல்லாம் அந்த நோட்டில் உள்ளவைதான்.

கையைப் பிடிக்கும் அவர், பயணக் காப்பீட்டு நிறுவனங்களுக்காக விசாரித்துச் சொல்லும் ஒரு முகமையில் இருந்தார். நோயாளி பாலிசி எடுக்கும்போது எதையாவது மறைத்தாரா என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. அதற்கு முன் பல வருடம் நர்ஸ். துறைமுகத்தில் எல்லோருக்கும் அவர் சிஸ்டர். பெயர் எனக்குத் தெரியும், இங்கே எழுதவில்லை. நான்கு வருடம் அவரோடு வேலை செய்தேன். அவர் வருவது நின்று இரண்டு வருடம் ஆகிறது.

மற்ற முகமைக்காரர்கள் மறுநாள் மருத்துவமனைக்கு வந்து ஃபாரத்தை நீட்டுவார்கள். இவர் மட்டும் படகுத்துறைக்கே வந்துவிடுவார். ஏன் வெயிலில் நிற்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன்.

"கரைக்கு வந்து ஒரு காப்பி குடிச்சிட்டாங்கன்னா எல்லாரும் புத்திசாலி ஆயிடுவாங்க சார். மச்சினன் ஃபோன் பண்ணுவான், டிராவல்ஸ்காரன் ஃபோன் பண்ணுவான், எதச் சொல்லணும் எதச் சொல்லக்கூடாதுன்னு பாடம் எடுப்பானுங்க. படகு ஆடிகினு இருக்கறப்ப சொல்றதுதான் நெசம்" என்றார்.

இடுப்பெலும்பு முறிந்த ஒரு வெளிநாட்டு முதியவரை ஒரு தடவை இறக்கினோம். சிஸ்டர் வழக்கம்போல் கையைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வரை நடந்தார். அந்த முதியவரின் மனைவி, ஏறுவதற்கு முன் திரும்பி வந்து சிஸ்டரின் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். சிஸ்டர் சிரித்தபடி வாங்கிக்கொண்டார். ஆம்புலன்ஸ் கிளம்பிய பிறகு என்னிடம் திரும்பி, "மோதிர விரல், நடு விரல். ரெண்டு நுனியும் காச்சிப்போயி கீது. ஃபாரத்துல சக்கர இல்லன்னு போட்டுகிறாரு" என்றார். மூன்றாம் நாள் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்தது. அந்த அம்மையாருக்குக் கடைசிவரை காரணம் புரிந்திருக்காது. விடைபெறும்போதுகூட என்னிடம், அந்த நர்ஸம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள் என்றார். நான் சொல்லவில்லை. நாட்குறிப்பில் மட்டும் எழுதிவைத்தேன்.

எங்கள் லாஞ்சை ஓட்டும் சாரங்குக்கு அவரைக் கண்டாலே ஆகாது. "சார், அந்தம்மா ஒரு கேஸ ஒடச்சா கம்பெனி கமிஷன் குடுக்குதாம். அதான் பொணத்தக்கூட உருட்டிப் பாக்குது" என்பார். இதை எழுதிவிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். கமிஷன் கதையை நான் நம்பவில்லை என்று சொல்ல முடியாது.

சந்தேகம் அவருக்கு வேலை நேரத்தில் மட்டும் வருவதல்ல. காசிமேட்டில் மீன் வாங்கும்போது பார்த்திருக்கிறேன். செவுளைத் தூக்கிப் பார்ப்பார், கண்ணை அழுத்திப் பார்ப்பார். பிறகு மீன்காரப் பெண்ணிடம் படகு எத்தனை மணிக்கு வந்தது, ஐஸ் யாரிடம் வாங்கியது, எத்தனை மணிக்குப் போட்டது என்று கேட்பார். கொஞ்ச நேரம் வேறு மீனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, அதே கேள்விகளைத் தலைகீழாகக் கேட்பார். அந்தப் பெண் ஒரு நாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"யக்கா, மீனு செத்து நாலு மணி நேரம் ஆவுது. அதாண்ட இன்னா வாக்குமூலம் வாங்கிகினு கீற? வேணும்னா வாங்கு, இல்லாங்காட்டி ஜாமீன்ல வுட்டுட்டுப் போ!"

கடையைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிஸ்டரும் சிரித்தார். மீனை வாங்கவில்லை.

மாதா கோயிலிலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மெழுகுவத்தி ஏற்றினால், அது பாதி எரியும்வரை பக்கத்திலேயே நிற்பார். நாம் போனதும் அணைத்து எடுத்து மறுபடி விற்றுவிடுவார்களாம். "மாதா பாத்துக்கும் சிஸ்டர்" என்று யாரோ சொன்னதற்கு, "மாதாவுக்கு எத்தன வேல" என்று பதில் சொன்னதாகக் கேள்வி.

என் நோட்டையும் அவர் விட்டுவைக்கவில்லை. முதல் மாதத்திலேயே அதை வாங்கி, கேட் பதிவேட்டோடு ஒப்பிட்டார். "உங்க கடியாரம் ரெண்டு நிமிஷம் முன்னாடி ஓடுது சார்" என்று திருப்பித் தந்தார். நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். உண்மைதான்.

வயிற்று வலி என்று இறங்கிய ஒரு துணிக்கடை முதலாளியின் கதையைச் சொல்ல வேண்டும். கப்பல் புறப்பட்ட மறுநாளே துடித்துப் போய்விட்டார் என்று இறக்கிக்கொண்டு வந்தோம். மருத்துவமனையில் எடுத்த ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஆனாலும் முனகிக்கொண்டே இருந்தார். சிஸ்டர் வெளியே போய், சூடான மெதுவடையும் வடகறியும் வாங்கிவந்து, பொட்டலத்தைப் பிரித்து, கட்டிலுக்கு எட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார். சரியாகப் பதினோரு நிமிடம். முனகல் குறைந்தது. அப்புறம் கை நீண்டது. மூன்று வடை தின்று முடிக்கும்வரை சிஸ்டர் தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"நெஜமா வயித்து நோவு வந்தவன் வடகறி வாசனைக்கே வாந்தி எடுப்பான்" என்றார், மெதுவாக. "சொல்லுங்க. கடல்ல இன்னா ஆச்சு?"

அந்த ஆள் அழுதுவிட்டார். கதவைத் திறந்தால் நாலு பக்கமும் தண்ணீர், மூச்சு முட்டியது, பிள்ளைகள் முன்னால் பயம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது என்றார். சிஸ்டர் தன் அறிக்கையில் எழுதியது ஒரே வரி: "பயம், நோய் அல்ல." காப்பீடு கிடைக்கவில்லை. ஆனால் சிஸ்டர் அவருடைய பிள்ளைகளிடம், அப்பாவுக்கு வயிற்றில் வாயு அடைத்துக்கொண்டது என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான் என்று அப்போது எழுதினேன்.

அவர் ஏன் நர்ஸ் வேலையை விட்டார் என்பதற்கு என்னிடம் இரண்டு காரணங்கள் இருக்கின்றன. என்னிடம் சொன்னது, நின்று நின்று கால் வலி. சாரங்கிடம் சொன்னது வேறு. ஆபரேஷனுக்கு முன் வெறும் வயிற்றில்தான் இருக்கிறேன் என்று சொன்ன ஒரு பையன், உண்மையில் இரண்டு இட்லி சாப்பிட்டிருந்தானாம். மயக்கத்தில் வாந்தி எடுத்து, அது நுரையீரலுக்குள் போய்விட்டது. கேட்டு எழுதிக்கொண்டவர் இவர். "ஒரே ஒரு தபாதான் கேட்டேன். திருப்பிக் கேக்கல" என்று சாரங்கிடம் சொல்லியிருக்கிறார். எது உண்மை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூன்றாவதாக ஒன்று கிடைத்திருக்கும்.

இனி கொருக்குப்பேட்டைக்காரரின் விஷயம். சிஸ்டரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

அவர் எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். வயது ஐம்பத்திரண்டு. இருபத்தைந்து வருடம் வேலை செய்தவர்களுக்கு நிர்வாகம் மனைவியோடு மூன்று இரவு கப்பல் பயணம் கொடுத்தது. பயணக் காப்பீடும் அவர்களே எடுத்துக் கொடுத்தார்கள். உங்களுக்குத் தெரிந்து ஏதாவது நோய் உண்டா என்ற கேள்விக்கு அவர் "இல்லை" என்று எழுதியிருந்தார். மூன்றாம் நாள் காலை, சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பு.

செய்தி 8.10க்கு வந்தது. 10.35க்கு லாஞ்சு கப்பலை ஒட்டி நின்றது. பக்கவாட்டுக் கதவைத் திறந்து ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள். 11.20க்குப் படகுத்துறை. சிஸ்டர் இடது கையைப் பிடித்தார். பிறகு போர்வையை விலக்கிப் பாதங்களைப் பார்த்தார். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது நான் சாமான்களைப் பட்டியல் எடுத்தேன். அவர் மனைவி தோள்பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் அதைக் கேட்டார்.

மேலாகவே இருந்தது, பழுப்புக் காகித உறை ஒன்று. தொழிற்சாலை மருந்தகத்தின் முத்திரை, ஃபிட்டரின் பெயர், டோக்கன் எண்.

"இது இன்னாம்மா?"

"அது... சத்து மாத்திர சிஸ்டர்."

சிஸ்டர் உறைக்குள் பார்த்தார். "பிரஷர் மாத்திர" என்றார். நான் எழுதினேன்: பழுப்பு உறை ஒன்று, மாத்திரைகளுடன். அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

மருத்துவமனையில் முதலுதவி ஆகிவிட்டது. அடைப்பை எடுக்க வேண்டும், இன்று மாலைக்குள் எடுத்தால் நல்லது, காப்பீட்டு நிறுவனத்தின் அனுமதிக் கடிதம் வரட்டும் என்றார்கள். கடிதம் வராவிட்டால் குடும்பம் கட்ட வேண்டும். கட்ட அவர்களிடம் இருந்தது கொருக்குப்பேட்டையில் ஒன்றரை அறை வீடு மட்டும். அந்தக் கடிதம் சிஸ்டரின் ஒரு சொல்லில் இருந்தது. அவர் என்ன சொல்வார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மறைத்த நோய், கையில் சாட்சி. சாரங்கு சொன்ன கமிஷன் நினைவுக்கு வந்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே பெஞ்சில் மனைவியும், வியாசர்பாடியிலிருந்து ஓடிவந்த நோயாளியின் அண்ணனும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குபவர், அறுபதை நெருங்கியவர். சிஸ்டர் தள்ளி நின்று போனில் பேசிக்கொண்டிருந்த சமயம் பார்த்து அந்த அம்மா என்னிடம் வந்தார்.

"சார், அந்தக் கவர மட்டும் லிஸ்ட்லேர்ந்து எட்த்துடு சார். உனுக்குப் புண்ணியமாப் போவும்."

"எழுதியாகிவிட்டதம்மா. அதில் கையெழுத்தும் ஆகிவிட்டது."

"ஒரு கோடு இஸ்த்தா போச்சு. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. சிஸ்டர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

அவர் பெஞ்சில் உட்கார்ந்து, உறையைக் கவிழ்த்து, மாத்திரை அட்டைகளை மடியில் பரப்பினார். மூன்று அட்டை. உறையின் மேலிருந்த தேதியைப் பார்த்தார். நான்கு நாள் முந்தைய தேதி. முப்பது மாத்திரையும் அப்படியே இருந்தன.

"தெனம் ஒண்ணுன்னு எழுதிகீது. நாலு நாள் ஆச்சு. ஒண்ணுகூடக் கொறயல" என்றார். யாரிடமும் சொல்லாமல், அந்த அட்டைகளிடமே கேட்பதுபோல. "நோய மறைக்கறவன் மாத்திரய அடியில பொதைச்சு வெப்பான். பழைய டப்பாவுல போட்டு வெப்பான். பேரு போட்ட கவரோட பையில மேலாவ வெக்க மாட்டான். இது சரியில்லயே."

பிறகுதான் அண்ணனின் கால்களைப் பார்த்தார். ரப்பர் செருப்பின் வார் பதிந்து, பாதத்தில் பள்ளம் விழுந்திருந்தது. சிஸ்டர் சட்டென்று தரையில் குந்தி, அவருடைய கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். எடுத்தார். குழி அப்படியே நின்றது.

"இன்னா சிஸ்டரு, காலப் புட்ச்சிகினு..." அண்ணன் கூசிப்போய்க் காலை இழுத்துக்கொண்டார்.

"இந்த மாத்திர போட்டா சில பேருக்குக் காலு வீங்கும் நைனா. உன் தம்பி காலு துடைச்சு வெச்ச மாதிரி கீது. இத யாரு முழுங்கறது?"

ஒரு நர்ஸ் டிரேயோடு எங்களைத் தாண்டிப் போனாள். அப்புறம் அண்ணன்தான் ஆரம்பித்தார்.

"நான்தான் சிஸ்டரு. ஆறு வருசமா."

"ஐயோ மாமா, வாய மூடு!" என்றார் அந்த அம்மா. "அந்த மனுசனுக்கு வேலயே போயிடும்!"

"போவட்டும்மா. உசுரு போறதுக்கு வேல போவட்டும்." அண்ணன் சிஸ்டரைப் பார்த்துச் சொன்னார். "எனுக்கு பிரஷரு. ஜி.எச்.சுக்குப் போயி லைன்ல நின்னா அன்னிக்குக் கூலி பூடும். ரெண்டு மாசம் போனேன், அப்புறம் வுட்டுட்டேன். மயங்கி வுயிந்தேன். அதப் பாத்துட்டு இவன்தான், 'அண்ணாத்தே, எங்க கம்பெனியில சும்மா தரானுங்கோ, நான் வாங்கியாறேன்'னான்."

"அவருக்கு நோய் இல்லாம எப்படிக் குடுப்பாங்க?"

அந்த நிலையிலும் அண்ணனின் முகத்தில் லேசாகப் பெருமை தெரிந்தது. "ரெண்டு நாளா நெத்திலிக் கருவாடும் ஊறுகாயுமாத் துன்னான். டாக்டரு ரூமு மாடியில. காலையில நாலு தபா படி ஏறி எறங்கிட்டு உள்ள போயி உக்காந்தான். மெஷினு கிர்ர்ருனு ஏறிச்சாம். டாக்டரே பயந்துட்டாராம். அன்னிலேர்ந்து மாசா மாசம் கவரு. இந்த மாசத்தது பையிலயே கீது, கப்பல்லேர்ந்து வந்து தரேன்னான். வருசத்துக்கு ஒரு தபா செக்கப்பு. அதுக்கும் கருவாடு, படி."

"போன வருசம் அதுவும் இல்ல சிஸ்டர்" என்றார் அந்த அம்மா, இனி மறைக்க என்ன இருக்கிறது என்பதுபோல. "டாக்டர் ரூம கீழ எறக்கிட்டாங்க. திடீர்னு கூப்ட்டுட்டாங்க, கருவாடும் துன்னல, படியும் ஏறல. மாட்டிகினோம்னு பயந்துகினே போனாரு. அப்பவும் ஏறித்தான் காட்டிச்சாம். ஆண்டவன் புண்ணியம்."

சிஸ்டர் அவரை உற்றுப் பார்த்தார். எழுந்து, டாக்டரின் அறைக்குப் போனார். கண்ணாடிக் கதவு வழியாக எனக்குத் தெரிந்தது. நோயாளியின் இதய ஸ்கேன் தாளை வாங்கிப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கத் தாள். ஏழு நிமிடம் நின்று படித்தார்.

மணி 1.50. எனக்குப் புரிந்த நிலைமை இதுதான். ஃபிட்டர் காப்பீட்டு ஃபாரத்தில் எழுதியது உண்மை. ஆனால் அதைப் பொய்யாக்க அவருடைய தொழிற்சாலை மருந்தகத்திலேயே ஆறு வருடப் பதிவு இருக்கிறது. பதிவு பொய் என்று நிரூபித்தால் சிகிச்சை நடக்கும், வேலை போகும். நிரூபிக்காவிட்டால் வேலை நிலைக்கும், சிகிச்சைக்கு வீட்டை விற்க வேண்டும்.

சிஸ்டர் திரும்பி வந்து, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து அறிக்கையை எழுதினார். எழுதியதை என்னிடம் படிக்கக் கொடுத்தார், பட்டியல் எடுத்தவன் என்ற முறையில் நானும் கையெழுத்துப் போட வேண்டும் என்று. அதில் இருந்தது: பையில் நோயாளியின் பெயரிட்ட மாத்திரை உறை இருந்தது. நான்கு நாள் முன் வாங்கியது, ஒன்றும் எடுக்கப்படவில்லை. அவர் இம்மருந்தை உட்கொள்பவர் அல்லர். உடல் அடையாளங்களும் அதையே காட்டுகின்றன. தனக்கு நோய் இருப்பதாக அவர் அறியார். கேள்விக்கு அவர் எழுதிய பதிலில் மறைப்பு இல்லை.

அண்ணனைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"அவருக்கு நோய் இல்லை என்றே எழுதிவிடலாமே?" என்றேன்.

"எனக்குத் தெரிஞ்சத மட்டும்தான் சார் எழுதுவேன். போடுங்க."

அதன்பின் தன் மேலதிகாரிக்குப் போன் செய்தார். அந்தப் பக்கம் நிறையக் கேள்வி கேட்டார்கள் போலிருக்கிறது. தொழிற்சாலைக்கு எழுதி விவரம் கேட்கலாமே என்றும் கேட்டிருக்க வேண்டும். சிஸ்டர் தணிந்த குரலில் சொன்னார்: "இத்தன வருஷத்துல 'குடு'ன்னு நானாப் போன் பண்ணி சொன்னது எத்தன தபா சார்? ... நீங்களே சொல்லுங்க. ... ஆங். அப்ப இதக் குடுங்க."

3.25க்கு அனுமதிக் கடிதம் வந்தது. 4.10க்கு ஃபிட்டரை உள்ளே கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார். வேலையும் போகவில்லை. அந்த அம்மா சிஸ்டரின் காலில் விழப் போனார். சிஸ்டர் நகர்ந்துகொண்டு, அண்ணனிடம் விரலை நீட்டினார்.

"நாளைக்குக் காலையில ஏழு மணி. உன் பேர்ல ஜி.எச்.ல சீட்டுப் போடணும். வரேன்னு சொல்லாத, நான் நம்ப மாட்டேன். வூட்டுக்கே வந்து இட்டுகினு போவேன்."

போயிருக்கிறார். சாரங்கு சொன்னார், வரிசையில் அண்ணனுக்குப் பின்னால் நின்றாராம், ஓடிவிடாமல் இருக்க. ஆனால் சாரங்குக்கு அவர்மேல் சந்தேகம் தீரவில்லை. "ஒரே கோயிலு ஆளுங்களா இருக்கும் சார். இல்ல, வேற ஏதோ கீது. இந்தம்மா சும்மா செய்யுமா?" என்றார். விசாரித்தேன், அந்தக் குடும்பத்துக்கும் சிஸ்டருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வேறு ஏதோ இருக்கிறது என்று எனக்கும் பட்டது. அந்த ஏழு நிமிடம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

மூன்று மாதம் கழித்து, வேறொரு லாஞ்சுக்காகப் படகுத்துறையில் காத்திருந்தோம். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே அவராகவே ஆரம்பித்தார்.

"அந்தக் கொருக்குப்பேட்டக்காரரு... அவருக்கு பிரஷர் இல்லன்னு நீங்க நெனச்சீங்க, இல்ல?"

"நீங்கள்தானே எழுதினீர்கள்?"

"இல்லன்னு நான் எழுதல சார். அவருக்குத் தெரியாதுன்னு எழுதினேன். ஃபாரத்துல கேட்டிருந்ததும் அதுதான்." என் பக்கம் திரும்பினார். "ஸ்கேன்ல இருதயச் சொவரு தடிச்சிகீது. அது ஒரு நாள்ல தடிக்காது. வருஷக் கணக்குல பிரஷர் இருந்தாத்தான் அப்படி ஆவும். போன வருஷம் படியே இல்ல, கருவாடும் இல்ல, அப்பவும் மெஷினு ஏறிச்சே. மொதல் நாளு மட்டும் படியாலயா ஏறியிருக்கும்? அண்ணன் தம்பி சார். ஒரே ரத்தம். அவருக்கு நெஜமாவே இருந்துச்சு. தன் மாத்திரயத்தான் ஆறு வருஷமா அண்ணனுக்குத் தூக்கிக் குடுத்துகினு இருந்தாரு."

"அவரிடம் சொன்னீர்களா?"

"டிஸ்சார்ஜ் அன்னிக்கு எதிர்ல ஒக்கார வெச்சு சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"சிரிச்சாரு. 'நீ சந்தேகப் பிராணி சிஸ்டரு, எல்லாரும் சொல்றாங்கோ. எனுக்கு ஒண்ணும் இல்ல. நான் படி ஏறினேன், அது ஏறிச்சு. கப்பல் சோறு ஒத்துக்கல, அவ்ளோதான்'னாரு."

தூரத்தில் லாஞ்சு திரும்புவது தெரிந்தது. சிஸ்டர் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார்.

"நம்பல சார். அதான் மாசம் ஒருக்கா கொருக்குப்பேட்டைக்கும் வியாசர்பாடிக்கும் போயி, ரெண்டு பேரு அட்டையயும் வாங்கிப் பாக்கறேன். அண்ணன் ஒழுங்காப் போடறாரு. தம்பி அட்டையில போன தபா ஒண்ணுகூடக் கொறயல."